கொழும்பு பக்கமா, சென்னை பக்கமா?



தூத்துக்குடிக்குப் பக்கம் சென்னையா, கொழும்பா? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப்பேர் சென்னை என்பீர்கள். மேப்பில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர்தான். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போகிறோமே, அந்தச் சென்னை ரயில் வழியில் 650 கிலோமீட்டர்.

1876-ல் மதுரையிலிருந்து ரயில் பாதை நம் ஊருக்கு வந்தது. அதன்பின் கொழும்பு போகிறவர்களுக்குத் தூத்துக்குடிதான் வாசல். சாயங்காலம் கப்பல் ஏறினால் மறுநாள் கொழும்பு. ஆனால் அப்போது இங்கே கடல் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை ஜனங்களைத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, அப்புறம்தான் அனுப்பினார்கள்.

இந்த 280 கிலோமீட்டருக்காகத்தான் வ.உ.சி. தன் வாழ்க்கையையே வைத்தார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் கட்டணத்தைக் குறைத்தான், இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவன் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தான் என்று சொல்வார்கள். ஓசிக்குடைக்கு ஆசைப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கூலிக்காரனுக்கு எட்டணா பெரிய காசு. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனியே மூடப்பட்டது.

அடுத்த அடி 1914-ல். பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி வந்துவிட்டது. கடல் பயணம் சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. பயணிகள் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது தோணி. வெங்காயம், மிளகாய் வற்றல், ஓடு என்று ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போகும். அதற்கு மணிக்கணக்கு ஏது? காற்றுதான் கணக்கு. எஞ்சின் பூட்டியதெல்லாம் பின்னால்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் அழிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில், இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு நின்றது.

2011 ஜூனில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. மறுபடியும் அதே ஒரு ராத்திரிப் பயணம்! நவம்பரோடு அதுவும் நின்றுபோனது.

இப்போது என்ன செய்கிறோம்? வாகைக்குளத்தில் விமான நிலையம் இருந்தும் கொழும்புக்கு நேர் விமானம் கிடையாது. மதுரைக்கு 140 கிலோமீட்டர் வடக்கே பஸ்ஸில் போய், அங்கிருந்து தெற்கே பறக்க வேண்டும். விமானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். பஸ், காத்திருப்பு, பாஸ்போர்ட் வரிசை எல்லாம் கூட்டினால் பகல் பொழுது போய்விடும். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு 2023-லிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. விட்டு விட்டு ஓடினாலும் ஓடுகிறது. நமக்கு ஏன் இல்லை என்று கேட்கத்தான் ஆளில்லை.

2011-ல் அந்தக் கப்பலில் போனவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டி கொழும்பில் கடை வைத்திருந்தால் எந்த வழியாகப் போனார்கள், எத்தனை நாள் ஆனது என்று கேட்டு அதையும் போடுங்கள்.