தலைப்பு என்பது அலங்காரமல்ல

போன தவணை விடுமுறையில் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்தார். அவர் விழிப்புலனற்றவர். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் உதவியோடுதான் இணையம் பார்ப்பார்.

"சேர், நம்மட ஸ்கூல் வெப்சைட்டுல உயர்தர வகுப்பு அறிவித்தல் எங்க இரிக்கிண்டு விளங்கல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுப் போகோணும்."

அந்தப் பக்கத்தைச் செய்ததே நான்தான். பெரிய எழுத்து, தடித்த எழுத்து, பச்சை நிறம் எல்லாம் போட்டிருந்தேன். பிழை எங்கே என்று தேடியபோதுதான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

நம் பழைய கையெழுத்துக் கித்தாபுகளில் பாடத் தலைப்பைச் சிவப்பு மையால் எழுதுவார்கள். கண் தேடிப் போய் நிற்பதற்கான அடையாளம் அது. கணினிக்கோ கண் இல்லை. பெரிய எழுத்தைப் போட்டால் மட்டும் அது தலைப்பு என்று கணினிக்கு விளங்காது. "இது தலைப்பு" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதற்கான வழியை 1969இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் உருவாக்கினார்கள். எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அது என்ன, தலைப்பா, பந்தியா, பட்டியலா என்று குறியிடும் முறை அது. அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே அதற்குப் பெயரானது: ஜி.எம்.எல். அதிலிருந்து வளர்ந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் சர்வதேசத் தரமானது.

ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்த டிம் பேர்னர்ஸ் லீ வலையை உருவாக்கியபோது, அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இந்தக் குறிகளையே எடுத்துக்கொண்டார். 1991இல் அவர் வெளியிட்ட முதல் குறிப் பட்டியலிலேயே எச்1 முதல் எச்6 வரை ஆறு தலைப்பு நிலைகள் இருந்தன. எச்1 பாடத்தின் பெயர் என்றால், எச்2 அதன் அலகு, எச்3 அலகின் உட்பிரிவு.

1998இல் கூகுளின் நிறுவனர்கள் இருவரும் தங்கள் தேடுபொறியை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு சொல் பக்கத்தின் பெயரில் இருக்கிறதா, பெரிய எழுத்தில் இருக்கிறதா என்பதை அது குறித்துக்கொள்ளும். ஆனால் அதே பக்கத்தின் மற்ற எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் பெரிது, சிறிது என்று கணக்கிடும். ஆகவே முழுப் பக்கத்தையும் பெரிதாக்கிப் பயனில்லை. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கத்தினால் யார் குரலும் கேட்காது அல்லவா?

இன்னொரு பக்கத்தில், விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் ஜோஸ் என்ற திரை வாசிப்பு மென்பொருளை வெளியிட்டது. 2006இல் விழிப்புலனற்ற அவுஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார. இவை இரண்டிலும் இன்று எச் விசையை ஒருமுறை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் பாயலாம். தலைப்புக் குறிகளை முறைப்படி பயன்படுத்துங்கள் என்று 1999 மே மாதத்தில் வந்த முதலாவது சர்வதேச அணுகல் வழிகாட்டியே சொல்லிவிட்டது.

என்னுடைய பக்கத்தில் அப்படி ஒரு தலைப்புக் குறியும் இருக்கவில்லை. அந்த மாணவர் எச் விசையை அழுத்தியபோது பாய்வதற்கு இடமே இல்லை. கதவே வைக்காத சுவருக்குப் பச்சை வர்ணம் பூசியிருக்கிறேன்.

அன்றிரவே திருத்தினேன், அரை மணித்தியால வேலை. ஊரில் பள்ளிவாசல், பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று பக்கங்கள் நடத்தும் தம்பி தங்கைகளே, எழுத்தைத் தடிப்பாக்கி விட்டுவிடாதீர்கள். எழுதும் இடத்திலேயே ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற தெரிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்கு வரிசையில் போடுங்கள். கூகுளுக்கும் விளங்கும். அதைவிட முக்கியமாக, நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் யாருடைய உதவியும் கேட்காமல் தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுப்பார்.