நினைவகம் தேர்ந்த கதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் ஏதேனும் ஒன்றில் நின்று கீழே நோக்குவோர் மலையடிவாரத்தில் வெண்மை படர்ந்த நிலத்தைக் காண்பர். மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் கிடைக்கும் இடம் அது. அக்கல்லிலுள்ள மக்னீசியத்தின் ஆக்சைடை இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளோடு சேர்த்துச் சுட்டால் ஃபெர்ரைட் என்ற காந்தப் பீங்கான் உண்டாகும். ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் உலகத்துக் கணிப்பொறிகளின் நினைவு பெரும்பாலும் இத்தகைய பீங்கான் வளையங்களிலேயே தங்கியிருந்தது. சேலத்துக் கல் அவ்வளையங்களுக்குச் சென்றது என்று நான் கூற வரவில்லை. அது பெரிதும் எஃகு உலைகளின் உட்சுவருக்கே சென்றது.

நம் நாட்டுக்கு முதலில் வந்த கணிப்பொறி, 1955-இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம் இங்கிலாந்திலிருந்து தருவித்த எச்.இ.சி.-2எம். அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. 1,024 சொற்கள் கொள்ளும். உருளையில் வேண்டிய சொல் நம்மிடம் சுற்றி வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதே காலத்தில் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு, கணிப்பொறியை இங்கேயே கட்ட முனைந்தது. அவர்கள் தேர்ந்தது காந்த வளையம். அமெரிக்காவில் ‘வேர்ல்விண்டு’ பொறியில் அது 1953-இல்தான் பயனுக்கு வந்திருந்தது. அவ்வளவு புதிய பொருளை நம்பி இறங்கியது துணிவான செயல் என்றே கருதுகிறேன். மாதிரிப் பொறி 1956-இல் இயங்கியது. முழுப்பொறி 1960-இல் பணிக்கு வந்தது. 1962-இல் அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயரிட்டவர் பிரதமர் நேரு.

டிஃப்ராக்கின் நினைவகம் 40 துகள் கொண்ட 2,048 சொற்களை ஏற்றது. பெருக்கிப் பாருங்கள்: 81,920 வளையங்கள்! ஒவ்வொன்றினூடும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் செல்லும். ஒரு வளையத்தைப் புரட்டத் தேவையான மின்னோட்டத்தில் பாதியை ஒரு கம்பியிலும் பாதியை மற்றொன்றிலும் செலுத்துவர். இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் புரளும். பாதி மட்டுமே பெற்ற அண்டை வளையங்கள் அசையா. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆனால் வளையம் சூடேறினால் எளிதில் புரண்டுவிடும். அசையக்கூடாத அண்டை வளையமும் தவறக்கூடும். ஆகவே ஐ.பி.எம். நிறுவனம் 1961-இல் அளித்த 7030 பொறியில் வளையங்களை எண்ணெயில் அமிழ்த்தி வெப்பத்தை நிலைநிறுத்தியது.

1966-இல் இராபர்ட் டென்னார்டு வேறு வழி கண்டார். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியுமே ஒரு துகளுக்குப் போதும் என்றார். 1970-இல் இன்டெல் 1103 விற்பனைக்கு வர, வளையத்தின் காலம் முடியலாயிற்று. இன்று கடைக்காரர் ‘ராம்’ என்று எடுத்துத் தருவது இக்கொள்கையின் வழிவந்ததே. 16 ஜிகாபைட் பலகை ஒன்று டிஃப்ராக்கைப்போல் சுமார் 16 இலட்சம் மடங்கு கொள்ளும். எனினும் மின்தேக்கி ஓட்டைக் குடம். கசிவதற்குள் மீண்டும் நிரப்ப வேண்டும். டி.டி.ஆர்-4 வகையில் 64 மில்லிசெகண்டுக்குள் ஒரு முறை. 85 பாகைக்கு மேல் சூடேறினால் அதிலும் பாதி நேரத்துக்குள்.

ஏற்காட்டைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், விதித்த வேகத்துக்கு மேல் ஓடும் மேசைக் கணிப்பொறி ஒன்றைக் கட்ட விரும்பி, 3200 எண்ணுள்ள நினைவகமா 3600-ஆ என்று கேட்டார். எண் பெரிதாயின் பொருளும் சிறந்தது என்னும் மயக்கம் கடைத்தெருவில் மிகுதி. தாமத எண்ணையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னேன். 3200-இன் தாமதம் 16 எனில் முதற் சொல் வர 10 நானோசெகண்டு. 3600-இன் தாமதம் 18 எனில் அதுவும் 10-தான். தொடர்ந்து பாயும் அளவு மட்டும் பின்னதில் மிகுதி. அவர் செய்யும் வேலைக்கு அது பெரிதாகப் பயன்படாது என்பதால், 3200-இல் ஒரே பெட்டியில் வரும் இணைப் பலகைகளை, தாய்ப்பலகை செய்தவர் ஒப்புதல் பட்டியலில் பார்த்து, வாங்கினார்.

அடுத்து மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு உயர்த்தி மேலும் விரட்ட எண்ணினார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; மார்கழிக் குளிரில் எதுவும் ஓடும். ஆயின் இங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று விசிறிக்கு அவ்வளவு வெப்பத்தைச் சுமந்து செல்லாது. மேலும் அவர் பொறியைச் சேலத்து விடுதிக்கு எடுத்துச் செல்லப் போகிறவர். பிழை ஒன்று நினைவகத்தில் புகுந்தால் பொறி நின்றுபோவது ஒருபுறம். நிற்காமலே, எழுதி வைத்த திட்டக் கட்டுரையில் ஓர் எண்ணை மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே வேகம் ஏற்றுவதைச் சித்திரை வெயிலில், சேலத்து அறையிலேயே, இரவு முழுவதும் சோதனை ஓடவிட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பலகைகள் 3200-லேயே ஓடுகின்றன.