முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், புதுக்கோட்டை

மணவிலக்கு, மஹர் (மணக்கொடை), வரதட்சணை, ஜீவனாம்சம் தொடர்பான முறையீடுகளைப் பெண்களே கூடி விசாரிக்கும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் உருவானது. தொடங்கியவர் தாவூத் ஷரீஃபா கானம். அவர் நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ பெண்கள் அமைப்புக்கு வந்த முறையீடுகளே இதற்கு வித்து. ஊர் ஜமாஅத் பள்ளிவாசலைச் சார்ந்தது, நிர்வாகிகள் ஆண்கள். பல ஊர்களில் பெண்கள் பள்ளிவாசலுக்குள் போவதில்லை என்பதால், தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்காக அத்தாவோ அண்ணனோ பேசினார்கள். தீர்ப்பு மட்டும் அவள் வீட்டுக்கு வந்தது. தொழுகையில் ஆணும் பெண்ணும் தனித்திருக்கச் சொன்ன நாண நெறி, நியாயம் கேட்கும் இடத்திலும் பெண்ணை வாய் திறக்கவிடவில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே இந்த ஜமாஅத்தின் வரலாற்றுப் பங்கு.

மணவிலக்கில் பெண்ணின் குரல் எடுபடாத இந்தச் சிக்கல் இஸ்லாத்துக்கு மட்டும் உரியதன்று. யூத மரபுச் சட்டத்தில் மணவிலக்குப் பத்திரத்தைக் கணவன்தான் கொடுக்க வேண்டும். அவன் மறுத்தால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. மனைவியின் சம்மதமின்றி விலக்கக் கூடாது என்று கி.பி. 1000 அளவில் ஜெர்மானிய ரபி கெர்ஷோம் விதித்த பிறகும் அந்தப் பூட்டு திறக்கவில்லை. இஸ்ரேலின் ரபி நீதிமன்றங்களில் 1990களில் பெண்கள் வாதாடத் தொடங்கினர். நீதிபதிகள் இன்றும் ஆண்களே. புதுக்கோட்டைப் பெண்கள் விசாரிக்கும் இடத்திலேயே அமர்ந்தார்கள். இது அதைவிடத் துணிந்த செயல்.

பெண் தீர்ப்புச் சொல்வது ஷரீஅத்துக்கு முரண் என்ற மறுப்பு எழுந்தது. ஆனால் தமிழகத்தின் உட்பகுதி முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஹனஃபி மரபில், கடுந்தண்டனைக் குற்றங்கள் நீங்கலான வழக்குகளில் பெண் நீதிபதியாகலாம் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. மணவிலக்கும் மஹரும் அந்த எல்லைக்குள் அடங்குபவை. குடும்ப அந்தரங்கம் சபைக்கு வரலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நாணம் பெரிதென்றால், படுக்கையறைத் துன்பத்தை அந்நிய ஆண்கள் கூட்டத்தைவிடப் பெண்களிடம் சொல்வதே அதற்குப் பொருத்தம். சட்ட அதிகாரம் இல்லாத அமைப்பு என்பதும் உண்மைதான். மார்க்கக் கருத்தான ஃபத்வா யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது; ஆண்கள் ஜமாஅத்தின் முடிவும் இணக்கத்தால்தான் நிற்கிறது.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் செல்லாததாயிற்று, 2019இல் குற்றமுமாயிற்று. ஆனால் நகை திரும்புவதும் பிள்ளைகள் யாரிடம் வளர்வதும் இன்னும் பல ஊர்களில் ஜமாஅத்தில்தான் முதலில் பேசப்படுகின்றன. அங்கே பெண்ணுக்கு இருக்கை கிடைக்காதவரை இந்த மாற்றங்கள் பாதி வேலையே செய்யும்.