டிரை ஃபிளையும் டிராப்பரும்: கேரள எல்லை மலைகளில்

டிரை ஃபிளை என்பது தூண்டில் முள்ளின் மேல் இறகு, நூல், மயிர் ஆகியவற்றைச் சுற்றி, நீர்ப்பரப்பில் மிதக்கும்படி செய்யப்படும் போலிப் பூச்சி. டிராப்பர் என்பது அதே தூண்டில் நரம்பில் கூடுதலாகக் கட்டப்படும் இரண்டாவது பூச்சி. இன்றைய வழக்கில் பெரும்பாலும் டிரை ஃபிளைக்குக் கீழே நீருக்குள் தொங்குவது. புழுவோ மாவோ கோக்காமல், இரையின் தோற்றத்தை மட்டும் காட்டி மீனை ஏய்க்கும் இந்த முறை, இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகளுக்குத் தேயிலைத் தோட்டக்காரர்களோடு வந்தது. பாலக்காட்டுக் காடுகளுக்கு இதனோடு உள்ள தொடர்பு வேறு வகை. உலகெங்கும் இந்தப் போலி ஈக்களைக் கட்டுபவர்கள் ஏங்கிக் கிடக்கும் இறகு ஒன்று, அந்தக் காடுகளில் திரியும் பறவையின் கழுத்தில் இருக்கிறது.

பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்த மாவட்டங்கள் அல்ல. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டியவை. பரம்பிக்குளம், வால்பாறை, மறையூர் என்று போகும் ஆனைமலைத் தொடர் அவற்றைப் பின்புறமாக இணைக்கிறது.

மீன் வந்த கதை

வானவில் டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கரையையும் ரஷ்யாவின் கம்சட்காவையும் சேர்ந்தது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சோர்ந்துபோகும். அதனால் தென்னிந்தியாவில் அது வாழக்கூடிய இடங்கள் மிகச் சில. நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 1863இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. கப்பலில் வந்த முட்டைகள் வெயிலைத் தாங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வானவில் டிரவுட்தான் அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது.

மூணாறில் டிரவுட் வந்ததற்கு அரசு காரணமல்ல, தோட்டக்காரர்களின் ஆசையே காரணம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியதற்குப் பின், ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர் ஓடைகளை இங்கே தேடினார்கள். குளிர் இருந்தது, ஓடை இருந்தது, மீன் மட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்து விட்டு, வளர்த்து, பிடிக்க ஹைரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். ராஜமலையில் பொரிப்பகம் நடந்தது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இரவிகுளம் பீடபூமியின் புல்வெளி ஓடைகள் அவர்களுக்கு மிகப் பிடித்த இடம். அந்தப் பீடபூமி 1978இல் தேசியப் பூங்கா ஆனது; இன்று சுற்றுலாப் பயணிக்கு ராஜமலைப் பகுதி மட்டும் திறந்திருக்கிறது. அதுவும் வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடப்படும். வந்தேறி மீனை ஒரு தேசியப் பூங்காவில் வைத்துக்கொள்வது சரியா என்ற கேள்வி நியாயமானது. தூண்டில்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பாலக்காட்டு ஆறுகளில் டிரவுட் கிடையாது. அட்டப்பாடி வழியே ஓடும் பவானியும் அமைதிப் பள்ளத்தாக்கின் குந்திப்புழையும் வெப்பமான நீர். அங்கே பேசப்படும் பெரிய மீன் மகசீர்.

கட்டும் முறை

டிரை ஃபிளை மிதப்பது அது லேசாக இருப்பதால் மட்டுமல்ல. சேவலின் கழுத்து இறகை முள்ளின் தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்றினால் அதன் இழைகள் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். ஒவ்வொரு இழையின் நுனியும் நீரின் மேல்தோலை அழுத்துமே தவிரக் கிழிக்காது. பரப்பு இழுவிசை பூச்சியைத் தாங்குகிறது. அதனால்தான் இறகின் விறைப்பு முதல் தகுதி. கோழியின் இறகு மென்மையானது. நீரைக் குடித்து மூழ்கும். அதை மூழ்கும் ஈக்கு ஒதுக்கிவிடுவார்கள். வயதான சேவலின் கழுத்துத் தோல் முழுதாக உரித்துப் பதப்படுத்தப்பட்டு விற்கப்படும். இந்தியச் சேவல் கழுத்துகள் ஒரு காலத்தில் மேலைநாட்டுக் கடைகளில் மலிவுச் சரக்காகக் குவிந்தன. இதற்கென்றே இனம் தேர்ந்து வளர்த்த அமெரிக்கச் சேவல்கள் பிற்பாடு அவற்றைப் பின்னுக்குத் தள்ளின.

முள்ளைப் பிடித்து நிறுத்தும் சிறிய வைஸில் வேலை நடக்கும். மெல்லிய கம்பியில் செய்த முள்ளைப் பொருத்தி, மெழுகு தடவிய நூலைத் தண்டில் நெருக்கிச் சுற்றவேண்டும். வாலுக்குச் சில விறைத்த இழைகள். உடலுக்கு முயல் மயிரையோ செயற்கைப் பஞ்சையோ நூலில் முறுக்கிச் சுற்றல். பிறகு இறகை அடிப்பக்கமாகக் கட்டி, முன்நோக்கி ஐந்தாறு சுற்று. முடிச்சு, அதன்மேல் ஒரு பொட்டு நெயில் பாலிஷ். புதியவர் எவரும் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: முள்ளின் காதை ஒட்டி இடம் விடாமல் சுற்றிவிடுவது. ஆற்றங்கரையில் நரம்பைக் கோக்கக் காது இருக்காது.

முள்ளின் எண் கூடக்கூட அளவு குறையும். 12 பெரியது, 18 சிறியது. 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் எந்தக் குறிப்பிட்ட பூச்சியையும் ஒத்ததல்ல, பலவற்றையும் தொட்டும் தொடாமலும் நினைவூட்டுவது. புதிய ஓடைக்குப் போகிறவர் முதலில் எடுக்கும் ஈ அதுவே. நம் மலைகளுக்கென்று ஒன்று கட்டச் சொன்னால் ஈசலைக் கட்டலாம். முதல் மழைக்குப் பின் கிளம்பும் ஈசல், பறக்கும் எறும்பு, புல்வெளி வெட்டுக்கிளி ஆகியவை நீரில் விழுந்தால் டிரவுட் விடுவதில்லை.

டிராப்பர்

டிரவுட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்குள்ளேதான் தின்கிறது. இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றங்கரையில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் மிதக்கும் ஈ பற்றி நூல் எழுதி அதை ஏறக்குறைய மதமாக்கினார்; மூழ்கிய ஈயால் பிடிப்பதைக் கண்ணியக்குறைவாகப் பார்த்தது அவர் வழிவந்த கூட்டம். ஜி. இ. எம். ஸ்க்யூஸ் 1910இல் அதை எதிர்த்து எழுதினார். இன்றைய டிரை–டிராப்பர் கட்டு அந்தச் சண்டைக்கு ஒரு சமரசம்: மேலே ஒன்று, கீழே ஒன்று.

டிரை ஃபிளையின் முள் வளைவில் 30 முதல் 60 சென்டிமீட்டர் தங்கூஸ் நரம்பைக் கட்டி, அதன் நுனியில் நிம்ஃப் எனப்படும் இளம்பூச்சி வடிவத்தைத் தொங்கவிடுவார்கள். அதன் தலையில் உலோக மணி இருக்கும். பித்தளையைவிட டங்ஸ்டன் இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. சின்ன மணியே வேகமாக இறக்கிவிடும். மேலுள்ள ஈ தக்கை வேலையும் பார்க்கிறது. அது நின்றாலோ அமிழ்ந்தாலோ கீழே மீன் கடித்திருக்கிறது என்று பொருள். ஆகவே மேல் ஈயைப் பருமனாக, நிறைய இறகோடு கட்டவேண்டும். ஒல்லியான ஆடம்ஸில் டங்ஸ்டன் மணியைத் தொங்கவிட்டால் இரண்டும் மூழ்கும்.

காட்டுக்கோழி இறகு

சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு நுனியில் மஞ்சளும் வெள்ளையுமாய் அரக்குத் துளி விழுந்தது போன்ற பளபளப்பான தகடு இருக்கும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டான தகடு அது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் அந்த இறகுகளை உதிர்த்து மங்கிய உடைக்கு மாறிவிடும். பிரெஞ்சுப் பயணி சொனராவின் பெயரால் 1813இல் அறிவியல் பெயர் பெற்ற இப்பறவை இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது; பரம்பிக்குளத்திலும் மூணாறுச் சோலை ஓரங்களிலும் விடியற்காலையில் கூவுவதைக் கேட்கலாம்.

பிரிட்டனின் சால்மன் ஈக்களில் அந்தத் தகடு கண்ணாகவும் கன்னமாகவும் பொருத்தப்பட்டது. இதைவிட வியப்பானது அமெரிக்கத் தூண்டில்காரர் வின்சென்ட் மாரினாரோ கட்டிய ஜாசிட் என்ற ஈ. பென்சில்வேனியாவின் லெடோர்ட் ஓடையில் டிரவுட் கண்ணுக்குத் தெரியாத எதையோ உறிஞ்சுவதைக் கவனித்த அவர், அது தத்துப்பூச்சி என்று கண்டார். நம் பருத்தி உழவர்களும் தேயிலைத் தோட்டத்தாரும் மருந்தடிக்கும் அதே குடும்பப் பூச்சி. இறகைச் சுற்றி, மேலும் கீழும் நறுக்கி, முதுகில் ஒரு காட்டுக்கோழித் தகட்டைப் படுக்க வைத்தார். 1950இல் வந்த அவருடைய நூலால் அது புகழ்பெற்றது.

அந்தப் புகழுக்கு விலை கொடுத்தவை இந்தக் காடுகளின் சேவல்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இப்பறவையைப் பிடிப்பதும் அதன் இறகை விற்பதும் குற்றம். பிரிட்டனில் கூண்டில் வளர்க்கும் பறவைகளின் இறகு முறைப்படி விற்கிறது. மற்றவர்கள் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட தகட்டையோ வண்ணம் தொட்டு வைத்த சாதாரண இறகையோ வைத்துக்கொள்கிறார்கள். மீனுக்கு வித்தியாசம் தெரிவதாகத் தோன்றவில்லை. ஈ கட்டப் பயன்படும் மயிற்பீலியின் நிலை சற்றுத் தளர்வானது. தானாக உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் விற்கலாம், ஏற்றுமதி செய்யக்கூடாது. பறவையியலாளர் கே. கே. நீலகண்டன் நினைவாக அமைந்த பாலக்காட்டுச் சூலன்னூர் மயில் சரணாலயத்தில் உதிர்வதற்கு இந்தத் தளர்வு பொருந்தாது. சரணாலயத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது.

ஈப் பரிமாற்றம்

ஈ கட்டுபவர்கள் தாம் கட்டியவற்றைத் தமக்குள் மாற்றிக்கொள்வதுண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொருவரும் ஒரே வகையில் பன்னிரண்டு ஈ கட்டி, பொறுப்பாளர் ஒருவருக்கு அனுப்புவார்கள். அவர் பிரித்து அடுக்கி, ஆளுக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று வரும்படி திருப்பி அனுப்புவார். டிரை–டிராப்பர் பரிமாற்றமென்றால் இரண்டும் ஒரு ஜோடியாகப் போகும். முள்ளில் கட்டிய துண்டுச் சீட்டில் ஈயின் பெயர், முள் எண், பயன்படுத்திய பொருள், கட்டியவர் பெயர் இருக்கவேண்டும். இறகு நசுங்காமலிருக்க ஈக்களை நுரை அட்டையில் குத்தி, கெட்டியான பெட்டியில் வைப்பது வழக்கம். திரும்பிவரும் தபால் செலவும் உள்ளேயே இருக்கும். முதல் ஈயும் கடைசி ஈயும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதில்தான் கட்டியவரின் கை தெரியும். இந்தியாவிலிருந்து கலந்துகொள்பவர் சீட்டில் பொருளின் பெயரை மறைக்காமல் எழுதுவது நல்லது. எல்லை தாண்டும் பறவை இறகைச் சுங்கத்துறை நிறுத்தலாம். காட்டுக்கோழியோ மயிலோ இருந்தால் அனுப்பவே கூடாது. நாட்டுச் சேவலின் செம்பழுப்புக் கழுத்து இறகுக்குக் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடை இல்லை. அதில் கட்டிய ஈசல் ஒன்று மற்றப் பதினொரு பேர் பெட்டியிலும் இல்லாததாக இருக்கும்.