பள்ளம் வெட்டிய பலகை

தச்சர்கள் இன்று ரூட்டர் என்று அழைக்கும் மின்கருவி, கையில் பிடித்து மரத்தின்மேல் செலுத்துவதற்காக உருவானது. அடியில் சுழலும் வெட்டுமுனை போகிற வழியெல்லாம் பள்ளம் பறித்துக்கொண்டு போகும். அகன்ற பலகைக்கு இது சரி. விரற்கடை அகல ரீப்பரில் பள்ளம் எடுக்க வேண்டுமென்றால் கருவி ஊன்றி நிற்க இடமிராது. இதற்கென்றே கம்பெனிகள் தனியாக மேசை விற்கின்றன. சிறு பட்டறைக்காரர்கள் அதை வாங்குவது அரிது. கிடக்கிற பிளைவுட் துண்டில் ஒரு துளையிட்டு, ரூட்டரைத் தலைகீழாக அடியில் திருகி, முனை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி அமைத்து, பின்னால் நேரான கட்டையொன்றை அணைப்பாக முடுக்கிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் முனை இடஞ்சுழியாகச் சுழலும். எனவே மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் மரத்தைப் பிடுங்கி எறிந்துவிடும். மேசை என்பது இவ்வளவுதான்.

இந்தத் தலைகீழாக்கலில் நமக்குப் புதிதாக ஏதுமில்லை. அரிவாள்மணை இதே யோசனைதான். கத்தி நிற்கும், காய் நகரும். தேங்காய்த் துருவியும் அப்படியே. கருவியை அசையாமல் நிறுத்திவிட்டுப் பொருளை அதன்மேல் செலுத்தினால் சின்னஞ்சிறு துண்டையும் துல்லியமாகக் கையாளலாம் என்பது நம் அடுக்களையில் பழகிய அறிவு. ஆனால், விலையுயர்ந்த இயந்திரம் செய்யும் வேலையை மலிவான மரப்பலகையைக்கொண்டு செய்துவிட முடியும் என்ற துணிவின் பெரிய சரித்திரம், கரிசல் பூமியில் தச்சுப் பட்டறையில் நிகழவில்லை. தீப்பெட்டி ஆபீசில் நிகழ்ந்தது. (தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கு. அந்தச் சொல்லில் இருக்கும் கசப்பான நகைச்சுவையை யாரும் திட்டமிட்டு உண்டாக்கியதாகத் தெரியவில்லை.)

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் என்று விரியும் இந்த நிலம் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே பெரிதும் நம்பியது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் உண்டு. பொய்த்தால் இல்லை. கோடையில் மண் கால் நுழையும் அளவுக்குப் பாளம்பாளமாக வெடிக்கும். அறுப்பு முடிந்தபின் மாதக்கணக்கில் வேலையற்றிருக்கும் கைகள், ஈரப்பதம் குறைந்த காற்று, கொளுத்தும் வெயில். விவசாயிக்குச் சாபமான இவை அனைத்தும் தீக்குச்சிக்கு வரமாயின.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே, குடியேறிய ஜப்பானியர் 1910 வாக்கிலேயே எளிய கருவிகளைக்கொண்டு தீக்குச்சி செய்யத் தொடங்கியிருந்தனர். சில மாதங்கள் தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பிய இருவரும், 1923இல் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்துத் தொழில் தொடங்கினார்கள். அதே 1923இல்தான் ஸ்வீடன் நாட்டுப் பெருநிறுவனத்தின் கிளையாக விம்கோவும் இந்தியாவில் காலூன்றியது. திருவொற்றியூரில் இருந்த அதன் ஆலையின் நினைவு இன்று விம்கோ நகர் என்ற மெட்ரோ நிலையப் பெயராக எஞ்சியிருக்கிறது.

விம்கோ இயந்திரத்தோடு நின்றது. சிவகாசிக்காரர்கள் சில ஆண்டுகளுக்குள் கைமுறைக்குத் திரும்பினார்கள். பின்னோக்கிய நடைபோலத் தோன்றும் இந்த முடிவே தொழிலைக் கரிசல் காடெங்கும் பரப்பியது. இயந்திரம் வாங்க முதலாளி வேண்டும். மரச்சட்டம் வாங்கக் கொஞ்சம் முதல் போதும்.

அந்தச் சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தீக்குச்சி இயந்திரத்தின் மையம், துளைகள் நிறைந்த நீண்ட சங்கிலி. குச்சிகள் ஒவ்வொன்றாகத் துளையில் குத்தப்பட்டு, மெழுகிலும் மருந்திலும் தோய்ந்து, காய்ந்து, மறுமுனையில் உதிரும். கைமுறையில் இந்தச் சங்கிலியின் இடத்தைப் பிடித்தவை மெல்லிய மரப்பட்டைகள். பட்டையின் குறுக்கே, நெருக்கமாக, சுமார் ஐம்பது சிறு பள்ளங்கள். பள்ளத்துக்கொன்றாகக் குச்சியை வைத்து, மேலே அடுத்த பட்டையைப் படுக்கவைத்து, அதிலும் குச்சி பரப்பி, இப்படியே ஐம்பது பட்டைகள் போல அடுக்கி இறுக்கினால் ஒரு சட்டம். ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு குச்சிகள், ஒன்றையொன்று தொடாமல். கட்டை அடுக்குதல் என்று இதற்குப் பெயர். முனைகளைச் சமதளமாகத் தட்டிச் சூடேற்றி, மெழுகில் நனைத்து, பிறகு பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் கலந்த மருந்தில் ஒற்றி எடுப்பார்கள்.

பள்ளம் சற்று அகன்றால் குச்சி நழுவி மருந்தில் விழும். சற்றுக் குறுகினால், மட்டி மரத்தில் சீவிய மென்மையான குச்சி நசுங்கும். இடைவெளி தவறினால் அடுத்தடுத்த தலைகள் ஒட்டிக்கொள்ளும். மரம் பருவத்துக்கேற்ப அகலவாட்டில் ஊதும், சுருங்கும். நீளவாட்டில் அனேகமாக மாறாது. பள்ளங்கள் நீளவாட்டில் வரிசையாக அமைந்ததால், வெயிலிலும் மெழுகுச் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அவற்றின் இடைவெளி பிசகவில்லை. உலோகம் செய்ய வேண்டிய வேலையை மரத்தால் செய்ய முடிந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு.

இன்று ஒருவர் வீட்டு மேசையில் அப்படியொரு பட்டையைச் செய்ய முனைந்தால் வழி எளிது. சுமார் 2 மி.மீ. பள்ளத்துக்கு ரூட்டர் முனை தாங்காது, முறியும். பலகைக்கு மேல் சற்றே தலைகாட்டும் மெல்லிய வட்ட ரம்பமே தோது. தள்ளுகட்டையில், ரம்பத்திலிருந்து வேண்டிய தொலைவில், பள்ளத்தின் அகலத்துக்குச் சரியான சிறு முளை ஒன்றை அடிக்க வேண்டும். முதல் பள்ளம் வெட்டியதும் அதை முளையில் மாட்டினால் இரண்டாம் பள்ளத்தின் இடம் தானே அமையும். அளவுகோலே வேண்டாம், போன பள்ளம்தான் அடுத்ததற்கு அளவு. ஆனால் முளையை அடிப்பதில் மயிரிழை பிசகினால் அது ஐம்பது மடங்காகிக் கடைசிப் பள்ளத்தில் வந்து நிற்கும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில், 1800களின் முதல் பத்தாண்டில், மார்க் புரூனல் கப்பல் கப்பிகள் செய்ய நாற்பத்தைந்து இயந்திரங்களை நிறுவினார். நூற்றுப் பத்து தேர்ந்த தச்சர்களின் வேலையைப் பழக்கமில்லாத பத்துப் பேர் செய்தார்கள் என்று தொழில்நுட்ப வரலாறு அதைக் கொண்டாடுகிறது. கரிசலில் நடந்தது இதன் எதிர்ப்பக்கம். இயந்திரம் விலக, கைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தன. சட்டம் மலிவு, அதை நிரப்பும் விரல்களும் மலிவு. அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எனவே வேகமே வருமானம். வேகத்துக்குச் சிறிய விரல்கள் தோதானவை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். விடியுமுன் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டிகள் இந்தச் சட்டத்தின் வரலாற்றில் சேர்ந்தவை. பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ அவர்களைப் பற்றிய படம்.

அரசும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. 1934இல் வந்த தீக்குச்சி மீதான கலால் வரி, பிற்காலத்தில் கைமுறைக்குச் சலுகை தரும்படி மாற்றப்பட்டது. ஸ்வீடன் முதலாளியின் இயந்திரத்தோடு கரிசலின் மரச்சட்டம் போட்டியிட முடிந்ததற்கு அந்தச் சலுகை ஒரு காரணம். வேலையில்லாத வட்டாரத்துக்கு வேலை தந்த கொள்கை அது; அதில் பொய்யில்லை. பஞ்ச காலத்தில் அடுப்பெரிந்த வீடுகள் உண்டு. அதே கொள்கை, இயந்திரத்தைவிடக் குழந்தையை மலிவாக வைத்திருக்கவும் உதவியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் கட்டுரைகளை நான் அதிகம் கண்டதில்லை. தொழிலைப் புகழ்பவர் ஒன்றை விடுவார், இகழ்பவர் மற்றொன்றை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஒரு பிள்ளையின் விரல்களுக்கு இயந்திரத்தோடு ஒப்பிடத்தக்க விலையொன்று முதன்முதலாகக் குறிக்கப்பட்டது அப்போதுதான் எனலாம்.

அதன்பின் பாதி இயந்திரமும் முழு இயந்திரமும் படிப்படியாக வந்தன. இன்று பெரும்பகுதி உற்பத்தி சங்கிலியில்தான் ஓடுகிறது, ஜெர்மன் இயந்திரம் 1923இல் செய்துகாட்ட வந்ததைப் போல. பெட்டியின் விலை 2007இல் ஒரு ரூபாய் ஆயிற்று. இரண்டு ரூபாயாக உயர 2021 டிசம்பர் வரை, பதினான்கு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் லைட்டர் வந்துவிட்டது. இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடைசெய்தபோது கோவில்பட்டியில் அதை வெற்றியாகப் பேசினார்கள்.