தண்டில் குடியேறிய தமிழர்

பிறந்த மண்ணை விட்டுப் பிற நாடு சென்று வாழ்தல் தமிழருக்குப் புதிதன்று. இலங்கை, பர்மா, மலேயா, மோரீசு, தென்னாப்பிரிக்கா என்று கடல் கடந்து சென்ற நம்மவர் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். கடல் கடவாமல், மூட்டை முடிச்சுடன் மலைவழி ஏறி மைசூர் நாட்டிற்கு வந்தவர்களின் வரலாறு அத்துணைப் பேசப்படுவதில்லை. ஜீவனஹள்ளியிலும், காக்ஸ் டவுனிலும், அல்சூரிலும் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களுட் பல அவ்வழி வந்தவையே. ஆதலின் அவ்வரலாற்றை ஆண்டு மலரின் வாயிலாக நினைவுகூர்தல் நம் கடனாகும்.

தண்டு தோன்றியது

1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயரின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அவ்வூரின் காய்ச்சலைத் தாங்கமாட்டாமல், 1809இல் அப்படையைப் பெங்களூருக்கு மாற்றினர். பழைய பேட்டைக்கு அப்பால், அல்சூர் ஏரியின் பக்கமாகப் படைவீடு எழுந்தது. அதனையே மக்கள் ‘தண்டு’ என்றனர்.

படை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே சிப்பாய்களில் தமிழர் பலர் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்து தானியக் கடைக்காரரும், கொத்தனாரும், தச்சரும், சலவைத் தொழிலாளரும், சமையற்காரரும், குதிரை பராமரிப்போரும் வந்தனர். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து தண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மாட்டு வண்டியில் நாட்கணக்காக ஏறி வந்த வழி சில மணி நேரப் பயணமாகச் சுருங்கிற்று. வட ஆர்க்காட்டாரும் சேலத்தாரும் மேன்மேலும் வந்து சேர்ந்தனர்.

புது மண்ணில் இல்லறம்

முதலில் ஆண்மகன் தனியே வருவான். கைக்கு ஒரு வேலை அமைந்ததும் மனைவி மக்களை அழைத்துக்கொள்வான். ஒண்டுக்குடித்தனத்தில் ஓரறையே அடுக்களை, அதுவே படுக்கையறை. மார்கழிக் குளிர் புதிது. ஆனால் உணவு அவ்வளவு புதிதன்று. கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்த சேலத்தாருக்கு இந்நாட்டு ராகி முத்தை உறவு போலவே தோன்றியிருக்கும்.

வயிறு நிரம்பியதும் கோயிலையும் பள்ளியையும் நாடுதல் நம் மரபு. வறிய நிலையிலிருந்து கட்டட ஒப்பந்தத் தொழிலில் உயர்ந்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் (1827–1910). உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவரே. தாம் ஈட்டிய பொருளைத் தம் குடும்பத்தளவில் நிறுத்தாமல், 1873இல் ஏழைச் சிறுவர்க்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்று ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறநிலையமாக விளங்குகின்றது.

1898இல் பிளேக்கு நோய் பரவிற்று. நெருக்கமான சந்துகளில் வாழ்ந்தோர் வீடுகளைவிட்டு வெளியே கொட்டகைகளில் தங்கினர். ஒண்டுக்குடித்தனத்தின் தீமையை அந்நோய் அரசுக்கு உணர்த்தியது. அதன் பயனாக பிரேசர் டவுன் போன்ற, அகன்ற தெருக்களையுடைய புதிய பகுதிகள் எழுந்தன. அவற்றை ஒட்டியிருந்த ஜீவனஹள்ளி போன்ற சிற்றூர்களும் நாளடைவில் நகரோடு கலந்தன.

இரு நகரமாய் இருந்த ஓரூர்

இங்கே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1862இல் பேட்டைக்கு ஒன்றும் தண்டுக்கு ஒன்றுமாக இரண்டு நகரசபைகள் அமைந்தன. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினர்க்குத் திரும்ப அளிக்கப்பட்டபோதும், தண்டை ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் இணைந்தது. 1949இல் இரு நகரசபைகளும் ஒரே மாநகராட்சியாயின.

தண்டில் ஆட்சிமொழி ஆங்கிலம். கடைத்தெருவின் மொழிகள் தமிழும் உருதும். கன்னடம் கல்லாமலே ஒருவர் பிறந்து, படித்து, மணம் புரிந்து, முதுமையெய்தல் அங்கே கூடும். நம் முன்னோர் கன்னடத்தை வெறுத்தவரல்லர். அதற்கு வேண்டிய வாய்ப்பும் தேவையும் அவர்களுக்கு அமையவில்லை. எல்லைக்கோடு 1947இல் அழிந்தது. மனத்தில் இருந்த கோடு அவ்வளவு விரைவில் அழியவில்லை.

அதன் துன்பத்தை 1991 டிசம்பரில் கண்டோம். காவிரிச் சிக்கலையொட்டி எழுந்த கலவரத்தில் தமிழர் பலர் வீடிழந்தனர். பெருந்தொகையினர் ஊரைவிட்டே நீங்கினர். 1974 முதல் அதே காவிரி நீரை ஒரே குழாயடியில் இரு மொழியாரும் பிடித்துக் குடித்து வந்தனர் என்பது எண்ணத்தக்கது. அவ்வாண்டிலேயே திறக்கப்பட இருந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலை பதினெட்டாண்டு காலம் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துக் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது.

நிறைவுறாத குடியேற்றம்

தமிழகத்திலிருந்து நெடுங்காலத்திற்கு முன் வந்தோர் எனக் கருதப்படும் திகளர் பெருமக்களைப் பாருங்கள். தோட்டத்தொழிலில் வல்ல அவர்கள் சுமந்து வரும் கரகமே இன்று பெங்களூரின் பெருவிழாவாகும். வந்தவர் விழா, ஊரின் விழாவாயிற்று. குடியமர்தல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

புகைவண்டி நிலையத்தில் எழுத்தராயிருக்கும் நான் பொங்கலுக்கு முன்பு ஒரு சொல்லைத் தவறாமல் கேட்கின்றேன். இங்கேயே பிறந்த மூன்றாம் தலைமுறையினரும் சீட்டுக் கேட்கும்போது, “ஊருக்குப் போகிறோம்” என்பர். அப்பற்று வாழ்க! ஆயினும் திரும்பி வந்து இறங்கும் இவ்விடமும் ஊரே அன்றோ?

நம் மொழியைக் காப்பதும் அண்டை வீட்டார் மொழியைக் கற்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல. பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அவர்க்கு ஹாலு. நம் பூ அவர்க்கு ஹூவு. நம் பள்ளி அவர்க்கு ஹள்ளி. திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் ஜீவனஹள்ளியின் ஹள்ளியும் உடன்பிறப்புகள். இவ்வளவு நெருங்கிய மொழியை நம் மக்கள் பிழையறப் பேசவும் எழுதவும் கற்றல் அரிதன்று.

இக்குடியிருப்பின் தாய்மார்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பம் எவ்வாண்டு, எவ்வூரிலிருந்து, எத்தொழிலுக்காக வந்தது, முதலில் எத்தெருவில் தங்கிற்று, அன்று உதவிய அண்டை வீட்டார் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். தமிழில் எழுதுங்கள், அதனைப் படிக்கும் அளவிற்குப் பிள்ளைகட்குத் தமிழ் கற்பியுங்கள். அண்டை வீட்டாரிடம் அதனைக் கன்னடத்தில் எடுத்துச் சொல்லும் அளவிற்குக் கன்னடமும் கற்பியுங்கள். முன்னோர் தொடங்கிய குடியேற்றம் அன்றே நிறைவுறும்.

வாழ்க தமிழ்! வளர்க கன்னட நாடு!