தென்காசி வட்டாரத் தலக்கதைகளும் தொன்மத்தின் பணியும்

பழஞ்சமூகங்கள் தம் தெய்வம், நிலம், குலம், சடங்கு ஆகியவற்றின் தோற்றத்தை உரைக்கப் புனிதமெனப் போற்றி வழங்கிய கதையே தொன்மம் எனப்படும். அதனைத் திரிந்துபோன வரலாறு என்று தள்ளுவோரும் உள்ளவாறே உரைக்கும் வரலாறு என்று கொள்வோரும், அது நடந்ததா என்று வினவுகின்றனரேயன்றி, சொன்னவர்களுக்கு அது என்ன பணி செய்தது என்று வினவுவதில்லை. மெலனீசியத் தீவுகளில் கள ஆய்வு செய்த மானிடவியலறிஞர் மாலினோவ்ஸ்கி, தொன்மத்தை வழக்கங்களுக்கு உரிமை வழங்கும் சாசனம் என 1926-இல் விளக்கினார்.

திருக்குற்றாலத் தலபுராணத்தை 18-ஆம் நூற்றாண்டில் பாடியவர், குறவஞ்சியால் பெரும்புகழ் பெற்ற திரிகூடராசப்பக் கவிராயர். கயிலைத் திருமணக் கூட்டத்தின் பாரத்தால் வடபுலம் தாழ்ந்தபோது உலகைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியர், திருமால் கோயிலாயிருந்த குற்றாலத்துள் வைணவர் கோலத்தில் நுழைந்து, நின்ற திருமேனியின் தலையில் கைவைத்துக் குறுக்கி இலிங்கமாக்கினார் என்பது தலக்கதை. 7-ஆம் நூற்றாண்டினரான சம்பந்தர் குற்றாலத்தையும் அதன் குறும்பலாவையும் முன்னரே பாடியிருத்தலின், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்ட புராணத்தை அம்மாற்றத்திற்கு நேர்ச்சான்றாகக் கொள்ளல் இயலாது. ஆயினும் சைவமும் வைணவமும் அடுத்தடுத்து வாழ்ந்த நாட்டில் தலம் யாருக்குரியது என்னும் வழக்கிற்கு அக்கதை தீர்ப்புரைக்கிறது. தோற்ற தரப்பையும் துரத்திவிடாமல் தலத்தின் முற்காலத்துள் இருத்தி வைக்கிறது. ஏதென்சு நகருக்காக அதீனாவோடு போட்டியிட்டுத் தோற்றதாகக் கிரேக்கர் கூறும் பொசைடனுக்கும் அந்நகரின் அக்ரோபோலிசுக் குன்றிலேயே வழிபாடு நடந்தது.

அகத்தியர் அழுத்தியதால் நேர்ந்த தலைநோவு தீரவே குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்பர். சாரலின் ஈரம் மிகுந்த அருவிக்கரையில் எண்ணெய்க்காப்பு முதலில் வழக்கமாகி, காரணம் கேட்ட பின்தலைமுறைக்கு விடையாகக் கதை எழுந்தது என்று கொள்வதே பொருந்தும். கதையிலிருந்து சடங்கு பிறந்தது என்னும் பொதுநம்பிக்கை பெரும்பாலும் தலைகீழானது.

இதே வழக்கிற்குச் சங்கரன்கோவில் வேறு தீர்ப்பு வழங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்ட சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் அம்மையிடம் முறையிட, கோமதியம்மன் தவத்திற்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சியளித்தார் என அக்கதை கூறும். ஆடித்தபசு விழா அதனை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறது.

தென்காசிக் கதையின் நோக்கமோ அரசியல். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியருக்குப் புதிய தலைநகரும் அதற்கொரு புனிதமும் வேண்டியிருந்தன. பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவபெருமான் தோன்றி, எறும்புச் சாரையைப் பின்தொடருமாறு பணிக்க, சிற்றாற்றங்கரை வனத்தில் இலிங்கம் கிடைத்தது என்னும் கதை, இடத்தைத் தேர்ந்தவன் அரசனல்லன், இறைவனே என்று நாட்டுகிறது. 1446-இல் தொடங்கப்பட்ட அக்கோயிலின் கல்வெட்டுப் பாடல்களிலோ கனவு கண்ட மன்னனின் பெருமிதம் இல்லை. எதிர்காலத்தில் கோயிலுக்கு ஊறு நேர்ந்தால் திருத்திக் காப்போரின் அடிபணிவதாக அவன் வேண்டுகிறான். இடத்திற்கு உரிமை தேடத் தொன்மத்தை நாடிய வேந்தன், பராமரிப்பை மனிதரிடமே ஒப்படைத்தான்; நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுப்பப்பட்டது.